டம்மி பெட்டியோடு எட்டு நாள்

ஏப்ரல் 3, 2024, புதன். மதுரை – திருமங்கலம்

சோப்பு, டீத்தூள், பல்பொடி என்று இருபது வருஷமாக வீடு வீடாக சர்வேக்குக் கதவைத் தட்டியவன் நான். இந்த எட்டு நாளும் அதே வேலைதான், சரக்கு மட்டும் வேறு: நாடாளுமன்றத் தேர்தல் கருத்துக்கணிப்பு. விருதுநகர், ராமநாதபுரம் என்று இரண்டு தொகுதிகளை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். கம்பெனி பெயரையும் எங்களுக்குக் கிடைக்கும் எண்களையும் வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் யார் ஜெயிப்பார் என்று கேட்டு யாரும் எனக்கு மெசேஜ் போட வேண்டாம். கேட்கிற வேலை எப்படி நடக்கிறது என்பதை மட்டும் தினம் ராத்திரி எழுதுகிறேன்.

காலையில் மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் பயிற்சி. நாலு பெண்கள், இரண்டு பையன்கள், எல்லோரும் முதுகலை மாணவர்கள். "ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம், அதானே சார்?" என்றான் ஒருவன். அடி பிடித்த பானையில் மேலாக ஒரு சோறு எடுத்துப் பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்டேன். அமெரிக்காவில் 1936-இல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, 24 லட்சம் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று எழுதியது. அவர் 48 மாநிலங்களில் 46-ஐ வாரிக்கொண்டு போனார். போனும் காரும் வைத்திருந்தவர்களின் விலாசங்களாகப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். மேல்சோறு.

அதனால்தான் எங்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. ஒரு தொகுதிக்கு 12 பூத். அந்தப் பூத்தின் வாக்காளர் பட்டியலில் குறிப்பிட்ட இடைவெளி விட்டு எடுத்த 25 பெயர்கள். பாகம் எண், வரிசை எண், வீட்டு எண் எல்லாம் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த 25 பேரைத்தான் தேடிப் போக வேண்டும். டீக்கடையில் பேசுவதற்குத் தயாராக உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிகள் நமக்குத் தேவையில்லை.

ஓட்டு யாருக்கு என்பதை மட்டும் வாயால் கேட்கக் கூடாது. சின்னங்கள் அச்சடித்த டம்மி சீட்டைக் கொடுத்து, அவர்களே டிக் அடித்து, மடித்து, துளை போட்ட அட்டைப் பெட்டியில் போட வேண்டும். விருதுநகர் சீட்டில் கை, முரசு, தாமரை, மைக், மற்றவர், நோட்டா. சின்னம் ஒதுக்கியதே மார்ச் 30-ஆம் தேதிதான் என்பதால் அவசரத்தில் அடித்திருக்கிறார்கள். ராமநாதபுரம் சீட்டில் இருக்கும் பலாப்பழம் முள்ளம்பன்றி மாதிரி இருக்கிறது.

மதியம் கிளம்பி, திருமங்கலத்துக்கு முன்னாலேயே பறக்கும் படையிடம் மாட்டினோம். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் கணக்குக் காட்ட வேண்டிய காலம். வேனின் பின்சீட்டில் செலோடேப் ஒட்டிய மூன்று அட்டைப் பெட்டிகள். அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. பிரிக்கச் சொன்னார். உள்ளே கட்டுக்கட்டாக வாக்குச்சீட்டு! இப்போது முகம் வேறு மாதிரி ஆனது. பணம் என்றால் அவருக்கு நடைமுறை தெரியும், இதற்கு எந்தப் படிவம்? வீடியோ எடுப்பவரை அழைத்து ஒவ்வொரு சீட்டையும் காட்டச் சொன்னார். மேலே போன் போட்டார். முக்கால் மணி நேரம் ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றோம். கடைசியில் அவரே ஒரு சீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நானும் போடலாமா?" என்றார். பட்டியலில் உங்கள் பெயர் இல்லை சார் என்றேன்.

திருமங்கலத்தில் முதல் வீட்டுப் பெரியவர் கேட்டது: "எவ்வளவு குடுப்பீக?" 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு நாடு முழுக்க 'திருமங்கலம் ஃபார்முலா' என்று பேர் வாங்கிய ஊர். சும்மா கேட்கத்தான் வந்தோம் என்றதும் சிரித்துவிட்டார். ஆனால் உட்கார வைத்து முழுக் கேள்விக்கும் பதில் சொன்னார்.

ஏப்ரல் 4, வியாழன். சிவகாசி

பட்டாசு ஆலைக்குப் போகிற பெண்களை அழைத்துக்கொண்டு கம்பெனி வண்டிகள் காலையிலேயே போய்விடுகின்றன. ஒன்பது மணிக்கு நாங்கள் போனபோது தெருவில் கிழவிகளும் ஆடுகளும்தான். 'இல்லாதவருக்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரர்' என்று செய்தால் மத்தியானமே வேலை முடிந்துவிடும். செய்தால், வேலைக்குப் போகிறவர்கள் கணக்கில் இல்லாமல் போய்விடுவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி போனோம்.

ஒரு வீட்டில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்தம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். விரல் நகங்களில் வெள்ளி நிறத்தில் மருந்து ஒட்டியிருந்தது. "உங்க தொகுதியில முக்கியமான பிரச்சினை எது?" என்று எங்கள் குழுவில் ஒரு பெண் கேட்டாள். "சரவெடி" என்றார். உச்ச நீதிமன்றம் 2018-இல் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்டதில் இருந்து வாரத்தில் மூன்று நாள்தான் வேலையாம். மற்ற நாளில் தீப்பெட்டிக்குப் போகிறார்.

பதில்களைப் பதிகிற டேபில் (டேப்லெட்டில்) விடைகளின் பட்டியல் இருக்கிறது: வேலையின்மை, விலைவாசி, ஊழல், வளர்ச்சி, தண்ணீர் என்று நீளமாக. சரவெடி இல்லை. எங்கள் பெண் 'வேலையின்மை'யை அமுக்கப் போனாள். நான் தடுத்தேன். அவருக்கு வேலை இருக்கிறதே! 'மற்றவை'யில் போடலாமா? போட்டால் சிவகாசி முழுக்க 'மற்றவை' ஆகிவிடும். கடைசியில் 'மற்றவை' என்று அமுக்கி, அந்தம்மா சொன்னதைத் தமிழில் அப்படியே அடித்து வைத்தோம். மேலே உட்கார்ந்திருப்பவர் அதைப் படிப்பாரா என்பது வேறு விஷயம். எண்ணைப் பார்த்து வாய் பிளக்கிறவர்கள் இந்த மாதிரிப் பட்டியல்களையும் ஒரு தரம் பார்க்க வேண்டும். டெல்லியில் யோசித்துப் போட்ட கட்டங்களுக்குள்தான் சிவகாசிக்காரர் குறையைச் சொல்ல முடியும்.

அப்புறம் ஓட்டுச் சீட்டு. வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டு, "அவளுக்கு என்னத்தத் தெரியும், நான் சொல்றேன் எழுதிக்கங்க" என்றார். இது வீட்டுக்கு வீடு வருகிற வசனம். அவரைத் தனியே இழுத்துப் பேச்சுக் கொடுப்பது சூப்பர்வைசரின் வேலைகளில் ஒன்று. கேப்டன் விஜயகாந்த் மறைந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். போன டிசம்பரில்தான் போனார், இப்போது மகன் முரசு சின்னத்தில் நிற்கிறார், மனிதர் கண் கலங்கப் பேசினார். அதற்குள் அந்தம்மா அடுப்படிக்குள் போய் டிக் அடித்து, சீட்டை விபூதிப் பொட்டலம் மாதிரிப் பொடியாக மடித்துக்கொண்டு வந்து பெட்டியில் போட்டார். ராத்திரி சீட்டுகளை அடுக்கும்போது அந்தப் பொட்டலம் மட்டும் தனியாகத் தெரிந்தது. யாருடையது என்று எனக்குத் தெரியும். பிரிக்காமல் எங்கள் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். அவளும் பிரித்துத்தானே எழுத வேண்டும். ரகசியம் என்று சொல்கிறோம்.

ஏப்ரல் 5, வெள்ளி. சாத்தூர், அருப்புக்கோட்டை

ரகசியம் என்று நேற்று எழுதியதற்கு இன்றைக்கே பதில் கிடைத்தது. சாத்தூரில் ஒரு பொறியியல் படித்த பையன். சீட்டை வாங்கியதும் முதலில் திருப்பிப் பார்த்தான். "ரகசியம்னீங்க, பின்னால நம்பர் இருக்கு?"

இருக்கிறது. அந்த நம்பர் இல்லாவிட்டால் அந்தச் சீட்டு எந்த ஃபாரத்தோடு சேர்ந்தது என்று தெரியாது. பெண்கள் யாருக்கு, இளைஞர்கள் யாருக்கு, எந்தச் சாதி எந்தப் பக்கம் என்று டிவியில் பிரித்துச் சொல்கிறார்களே, அதெல்லாம் அந்த மூலை நம்பரை வைத்துத்தான். உங்கள் பெயர் மேலே போகாது, நம்பர் மட்டும்தான் போகும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். நம்பர் இருந்த மூலையைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டிக் அடித்து, பெட்டியில் போட்டான். கணக்கில் அந்த ஓட்டு வராது. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சாத்தூர் காராச்சேவு கால் கிலோ வாங்கினோம். வெள்ளரிப் பிஞ்சும். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

ராத்திரி லாட்ஜில் டேபைச் சரிபார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஒவ்வொரு பேட்டிக்கும் இடக்குறியும் கொஞ்சம் ஆடியோவும் தானாகப் பதிவாகும். அருப்புக்கோட்டையில் ஒரு பையன் எடுத்த ஆறு பேட்டிகளும் ஒரே இடத்தில், நாற்பது நிமிஷத்துக்குள். ஆடியோவைப் போட்டுக் கேட்டேன். ஆறிலும் புரோட்டாக் கல்லில் கரண்டி தட்டுகிற சத்தம். ஆறு வாக்காளர்களும் புரோட்டாக் கடையிலா குடியிருக்கிறார்கள்?

கூப்பிட்டுக் கேட்டேன். அழுதுவிட்டான். மூன்று தடவை போயும் வீடு பூட்டியிருந்ததாம், காலில் கொப்புளம், ஒரு ஃபாரத்துக்குக் கிடைக்கிற காசு டீச்செலவுக்கே போகிறது. பொய் சொல்லவில்லை, காலைக் காட்டினான். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்து பாதிப் பிழை இப்படித்தான் வருகிறது. புள்ளியியல் தெரியாததால் அல்ல. ஒரு நல்ல பேட்டிக்கு முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குரிய கூலியைக் கொடுப்பதற்கு ஆளில்லை. நானும் அவன் வயதில் டீத்தூள் சர்வேயில் இரண்டு ஃபாரம் உட்கார்ந்த இடத்தில் நிரப்பியிருக்கிறேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

ஆறு ஃபாரத்தையும் ரத்து செய்தேன். சீட்டுகளைப் பிரிக்காமல் கவரில் போட்டு ஒட்டினேன். நாளைக்கு நானும் அவனும் சேர்ந்து போகிறோம்.

ஏப்ரல் 6, சனி. விருதுநகர்

போனோம். ஆறில் நாலு பேர் கிடைத்தார்கள். விருதுநகர் பூத்துகளும் முடிந்தன. ராத்திரி எண்ணெய் புரோட்டா. பையன் கரண்டிச் சத்தம் கேட்டதும் என் முகத்தைப் பார்த்தான். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சாப்பிடும்போது ஒரு பெண் கேட்டாள்: "சார், நம்ம முந்நூறு பேரை வச்சு இந்தத் தொகுதியில யாருன்னு சொல்லிடலாமா?" டிஷ்யூ பேப்பரில் போட்டுக் காட்டினேன். முந்நூறு பேரும் முழுசாகக் கிடைத்தாலே இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஐந்தரை சதவீதத்துக்கு மேல் நகரும். பத்து லட்சம் ஓட்டு விழுகிற தொகுதியில் அது ஐம்பத்தைந்தாயிரம் ஓட்டு. எங்கள் முந்நூறு, மற்றத் தொகுதிகளின் முந்நூறுகளோடு சேர்ந்து மாநிலக் கணக்காகும்போதுதான் அதற்கு அர்த்தம். தொகுதிக்குத் தொகுதி 'இவர் முந்துகிறார்' என்று டிவியில் பெட்டி கட்டிக் காட்டுவது வியாபாரம்.

ஏப்ரல் 7, ஞாயிறு. திருச்சுழி

இன்றைய தப்பு முழுக்க என்னுடையது. திருச்சுழி விருதுநகர் மாவட்டம். ரமண மகரிஷி பிறந்த ஊர், எனக்கு நன்றாகத் தெரிந்த ஊர். ஆனால் நாடாளுமன்றத்துக்கு அது ராமநாதபுரம் தொகுதி. இது எனக்குத் தெரியாததல்ல, பூத் பட்டியலே என் கையில்தான் இருந்தது. இருந்தும் காலையில் தூக்கக் கலக்கத்தில் பழைய விருதுநகர் சீட்டுகளையே பையில் வைத்துவிட்டேன். நாலாவது வீட்டில் ஒரு ஆச்சி சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஏணி எங்கப்பா? பலாப்பழத்தையும் காணோம்?" என்றார். அதற்குள் மூன்று பேர் இல்லாத வேட்பாளர்களுக்கு டிக் அடித்து முடித்திருந்தார்கள். அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் ஆச்சரியம். ஒருவர் முரசுக்குப் போட்டிருந்தார், அவர் தொகுதியில் முரசே இல்லை! எதையோ கொடுத்தால் எதிலோ ஒன்றில் டிக் அடிப்பார்கள். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்ற மரியாதை.

திரும்பப் போய் மன்னிப்புக் கேட்டு, மூன்று வீட்டிலும் மோர் குடித்து, புதுச் சீட்டு வாங்கி வந்தோம்.

ஏப்ரல் 8, திங்கள். பரமக்குடி

நெசவாளர் தெரு. தறிச் சத்தத்தில் ஆடியோ பதிவே ஆகாது போலிருந்தது.

இந்தத் தொகுதியில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழத்தில் நிற்கிறார். அவரைத் தவிர இன்னும் ஐந்து ஓ. பன்னீர்செல்வங்கள் இதே தொகுதியில். எங்கள் டம்மி சீட்டில் ஒரே ஒரு பன்னீர்செல்வம். தறியில் உட்கார்ந்தபடியே ஒரு பெரியவர், "இது லேசா இருக்கு. பெட்டியில அப்படி இருக்காதே" என்றார். அவர் பெட்டி என்றது மின்னணு இயந்திரத்தை. அவர் சொன்னது சரி. நாங்கள் அளப்பது மனசில் இருக்கிற ஆளை. அன்றைக்கு அந்த மறைவில் நின்று, வரிசையாக ஒரே பெயரைப் பார்த்து, விரல் எங்கே போகும் என்பதை எந்தச் சாம்பிளாலும் பிடிக்க முடியாது.

போன தடவை யாருக்குப் போட்டீர்கள் என்று ஒரு கேள்வி உண்டு. ஜெயித்தவருக்குப் போட்டதாகச் சொல்பவர்கள் எப்போதுமே நிஜத்தைவிட அதிகமாக இருப்பார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். தோற்றவருக்குப் போட்டது ஞாபகத்தில் நிற்பதில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய். கீழக்கரை

நோன்பின் கடைசி நாட்கள். பகலில் தெரு வெறிச்சென்று இருந்தது. பையன்களுக்கு இங்கே வேலையே இல்லை, திண்ணையோடு சரி. பெண்கள் உள்ளே போனார்கள். பட்டியலில் இருந்த ஆண்களில் பலர் ஊரிலேயே இல்லை. "சவுதியில இருக்காக", "துபாயில இருக்காக, தேர்தலுக்கெல்லாம் வரமாட்டாக". பட்டியலில் ஓட்டர், பூத்தில் கிடையாது. அவர்களுக்குப் பதில் வேறு ஆளைப் போட்டால் தப்பு. விட்டுவிட்டால்? ஓட்டுப் போட வராதவர் எங்கள் கணக்கிலும் வராதது சரிதானே என்று ஒரு பெண் வாதாடினாள். நல்ல வாதம். ஆனால் உள்ளூரிலேயே இருந்துகொண்டு கதவைத் திறக்காதவரும் அதே கட்டத்தில்தான் விழுகிறார், அவர் பூத்துக்கு வருவார்.

மஃரிப் பாங்கு சொன்னதும் ஒரு வீட்டில் எங்கள் ஏழு பேருக்கும் நோன்புக் கஞ்சி வந்தது, கூடவே வடை. கஞ்சியைக் கொடுத்த அம்மா எங்கள் பட்டியலில் இல்லை. "என்னையக் கேக்க மாட்டீகளா?" என்று கேட்டார். விதி அது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

ஏப்ரல் 10, புதன். அறந்தாங்கி

புதுக்கோட்டை மாவட்டம், ஆனால் ராமநாதபுரம் தொகுதி. இந்தத் தடவை சீட்டை நாலு தரம் சரிபார்த்தேன். முடிந்தது. பெட்டியை ஒப்படைத்தேன்.

ஏப்ரல் 13, சனி. மதுரை

வீட்டில் உட்கார்ந்து, டெல்லி ஆய்வு நிறுவனமான லோக்நிதி–சிஎஸ்டிஎஸ் எடுத்த கணிப்பைப் படித்தேன். 19 மாநிலங்களில் 10,019 பேர். வேலை கிடைப்பது முன்பைவிடக் கடினம் என்று 62 சதவீதம் பேர். ஆனால் யாருக்கு ஓட்டு என்று கேட்டால் பாஜக தெளிவாக முன்னால் நிற்கிறது. மனக்குறை ஒரு கட்டம், ஓட்டு இன்னொரு கட்டம். ஒன்று மற்றதாக மாறுமா என்பதை அடுத்த சில வாரங்கள்தான் சொல்லும். ஒரே கேள்வியை ஒரே வார்த்தையில் மறுபடி மறுபடி கேட்டால்தான் போக்கு தெரியும். வார்த்தையை மாற்றிவிட்டு 'மக்கள் மாறிவிட்டார்கள்' என்று எழுதுவதும் நடக்கிறது.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டேன். இன்று காலை 7 மணியில் இருந்து ஜூன் 1 மாலை 6.30 வரை எக்ஸிட் போல், அதாவது ஓட்டுப் போட்டு வெளியே வருகிறவர்களைக் கேட்டு எடுக்கும் கணிப்பு, வெளியிடத் தடை. ராத்திரி ஒரு வேடிக்கை. மாநிலத்தில் பதிவானது 72.09 சதவீதம் என்று ஏழு மணிக்குச் சொன்னார்கள், நள்ளிரவில் அது 69.46 ஆகிவிட்டது. விழுந்த ஓட்டை எண்ணுவதே இப்படி என்றால் விழப்போகிற ஓட்டுக்கு எங்களைத் திட்டாதீர்கள்.

ஜூன் 4, செவ்வாய்

முந்தாநாளுக்கு முந்தின நாள் டிவியில் 350, 370, 400 என்று போட்டார்கள். வந்தது தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 293, பாஜகவுக்குத் தனியாக 240. ஒரு கணிப்பு நிறுவனத்தின் தலைவர் நேரலையிலேயே அழுதார். 2004-இலும் எல்லோரும் வாஜ்பாய் திரும்புவார் என்றார்கள், அப்போது அழுததாக எனக்கு நினைவில்லை. தமிழ்நாட்டில் திமுக கூட்டணி 39-க்கு 39. ராமநாதபுரத்தில் ஏணியில் நின்ற நவாஸ்கனி 1,66,782 ஓட்டில் ஜெயித்தார், பலாப்பழம் இரண்டாவது.

விருதுநகர்தான் நாள் முழுக்க ஆட்டம் காட்டியது. முரசு முந்தியது, கை முந்தியது, மறுபடி முரசு. கடைசியில் கையில் நின்ற மாணிக்கம் தாகூர் 3,85,256, முரசில் நின்ற விஜய பிரபாகரன் 3,80,877. வித்தியாசம் 4,379. அரை சதவீதம்கூட இல்லை. எங்கள் டிஷ்யூ பேப்பர் கணக்கில் அது புள்ளியாகக்கூடத் தெரியாது. எங்கள் சாம்பிள் என்ன சொன்னது என்பதை இப்போதும் சொல்ல முடியாது. இவ்வளவு நெருக்கமாகச் சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்லலாம், அதற்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

ராத்திரி பத்து மணிக்கு அருப்புக்கோட்டைப் பையன் போன் பண்ணினான்.

"சார், அந்த ஆறு சீட்டைக் கவர்ல போட்டு ஒட்டினீங்களே, பிரிச்சுப் பாத்தீங்களா?"

"இல்லை. ஏன்டா?"

"ஒரே ஆளுக்குப் போட்டா மாட்டிக்குவோம்னு பிரிச்சுப் போட்டேன் சார். மூணு கை, மூணு முரசு."